சின்ன ரக்ரருக்குச் சங்கிலி போட்டால் உள்ளுக்கை தட்டுது, ஸ்பேசர் போட்டால் போல்ட் முறியுது: என்ன செய்யலாம்?

கேள்வி (கைதடி)

வணக்கம். 24 குதிரைவலு, நாலு சில்லும் இழுக்கிற சின்ன ரக்ரர். பின் ரயர் 8.3-20, உழவுப் பூ. காலபோக அறுவடைக்குப் பிறகு ஈர வயலுக்குள்ளால நெல் மூட்டை ஏத்தின பெட்டியை இழுத்துக்கொண்டு வரச் சங்கிலி தேவைப்படுது. கட்டங்கட்டமாப் பின்னின 8 மி.மீ. சங்கிலி வாங்கிப் பின் சில்லில போட்டால், உள்ளுக்கை, கலப்பை கொழுவுற கீழ்க்கையை ஆடாமல் பிடிக்கிற பக்கச் சங்கிலியில தட்டுது. ரயருக்கும் அதுக்கும் நடுவில 32 மி.மீ. தான் இடைவெளி.

அதுக்காக ஒவ்வொரு பக்கமும், அச்சு முனையில சில்லு பூட்டுற ஹப்புக்கும் றிம்முக்கும் நடுவில 50 மி.மீ. ஸ்பேசர் (இடைத்தட்டு) செய்விச்சுப் போட்டிருக்கு. 25 மி.மீ. பிளேற் ரெண்டை வெல்ட் பண்ணி, ஆறு துளை போட்டு, பெயின்ற் அடிச்சது. பழைய போல்ட் எம்14 × 1.5, நீளம் 40 மி.மீ. புதுசு 90 மி.மீ. ரெண்டு மணித்தியாலம் ஓடினதும் வலப்பக்கத்தில ஒரு போல்ட் ஹப்புக்குள்ளேயே முறிஞ்சிட்டுது. மற்ற அஞ்சும் கையால சுத்துற அளவுக்குத் தளர்ந்திருந்தது. சங்கிலியும் ஒரு மணித்தியாலத்தில தளர்ந்து மட்காட்டில அடிக்குது.

போல்ட் நீளம் கூடினதாலதான் முறிஞ்சதெண்டு கடையில சொல்லுகினம். உண்மையோ?

பதில் (சுன்னாகம், லேத் வேலை)

நீளத்தில பிழை இல்லைத் தம்பி. 90இல ஸ்பேசர் 50, றிம் தட்டு ஒரு 8, வொசர் 4 எண்டு கழிச்சால் ஹப்புக்குள்ள 28 மி.மீ. மரை பிடிச்சிருக்கு. எம்14க்கு அது தாராளம். நீளமான போல்ட் கொஞ்சம் கூட இழுபடுமே ஒழிய அதால முறியாது. மூண்டு விசயம் சொல்லுங்கோ. போல்ட் தலையில 8.8, 10.9 எண்டு பலத்தைக் காட்டுற இலக்கம் ஏதாவது அடிச்சிருக்கோ? ஸ்பேசரின்ர நடுத்துளை ஹப் மூக்கில இறுக்கமா இருக்கோ, ஆடுதோ? என்னத்தால, எவ்வளவுக்கு இறுக்கினது?

கேட்டவர்

தலையில ஒரு இலக்கமும் இல்லை. நடுத்துளை காஸ் கட்டரால வெட்டினது, ஹப்பைச் சுத்தி 4 மி.மீ. வெளி தெரியுது. இறுக்கினது சாவியில குழாய் போட்டுக் கையளவில.

பதில் (சுன்னாகம், லேத் வேலை)

அப்ப காரணம் தெளிவு. சில்லைச் சுத்துற விசையை போல்ட்டின்ர தண்டு தாங்கிறேல்லை. ரெண்டு தட்டும் ஒண்டோடொண்டு நெருங்கிப் பிடிக்கிற உராய்வுதான் தாங்குது. போல்ட் செய்யிற வேலை அந்த நெருக்கத்தைக் குடுக்கிறது மட்டுந்தான்.

கணக்கைப் பாருங்கோ. ஒரு பின் சில்லில 350 கிலோ பாரம் எண்டு வைப்பம். சங்கிலி போட்டால் நிலத்தைப் பிடிக்கிறது 0.8 வரைக்கும் போகும். ரயரின்ர ஆரம் 45 சதமமீற்றர். அச்சில வாற முறுக்கு ஏறத்தாழ 1,200 நியூட்டன் மீற்றர். போல்ட் வட்டம் 140 மி.மீ. எண்டால் அந்த இடத்தில சறுக்கப் பார்க்கிற விசை 17 ஆயிரம் நியூட்டனுக்கு மேல. உராய்வு 0.15 எண்டு எடுத்தால் ஒவ்வொரு போல்ட்டும் 2 தொன் நெருக்கம் குடுக்க வேணும். தட்டுக்கு நடுவில பெயின்ற் இருந்தால் உராய்வு குறையும், அப்ப 3 தொன் கிட்டத் தேவை. 8.8 தரப் போல்ட்டை 130 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினால் ஏறத்தாழ 4.5 தொன் கிடைக்கும். இலக்கமில்லாத மெல்லிரும்புப் போல்ட் 3 தொன்னிலேயே இழுபட்டு நீளத் தொடங்கிடும். கிளட்ச் விட்டு ஒரு உதறு உதறினாலே அந்த எல்லை தாண்டிடும்.

பெயின்ற் நசிஞ்சு தளர்ந்திருக்கு, தளர்ந்தவுடன சில்லு ஸ்பேசர் முகத்தில சறுக்கியிருக்கு. நடுத்துளை ஹப்பில உக்காராததால அந்தச் சறுக்கலைத் தடுக்க ஒண்டும் இல்லை. போல்ட் அங்கயும் இங்கயும் வளைஞ்சு, ஹப் வாயிலிருக்கிற முதல் மரையில முறிஞ்சிருக்கு. மிச்ச அஞ்சையும் திருப்பிப் போடாதேங்கோ. வெளியில நல்லாத் தெரிஞ்சாலும் உள்ளுக்க வெடிப்பு விழுந்திருக்கலாம்.

ரெண்டு பிளேற்றை வெல்ட் பண்ணினதும் சரியில்லை. வெல்டிங் சூட்டில தட்டு கோணும். ஸ்பேசரின்ர ரெண்டு முகமும் 0.1 மி.மீ.க்குள்ள சமாந்தரமா இருக்க வேணும், இல்லையெண்டால் சில்லு ஆடும்.

பதில் (மீசாலை, ரக்ரர் பராமரிப்பு)

லேத்துக்குக் காசு குடுக்க முதல் ஒண்டைப் பாருங்கோ தம்பி. உங்கட றிம் தட்டு நடுவில இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்குதோ? இந்த அளவு ரக்ரரில கனக்க றிம் அப்பிடித்தான் வரும். இடச் சில்லை வலப்பக்கமும் வலச் சில்லை இடப்பக்கமும் மாத்திப் போட்டால் சில்லு வெளியில தள்ளி நிக்கும். ஸ்பேசரே தேவைப்படாது, பழைய 40 மி.மீ. போல்ட்டே காணும்.

அளக்கிற விதம்: சில்லைக் கழட்டி நிலத்தில படுக்க வைச்சு, றிம் விளிம்புக்குக் குறுக்க நேரான சலாகை ஒண்டை வையுங்கோ. அதிலயிருந்து தட்டு வரைக்கும் ஆழத்தை அளவுங்கோ. புரட்டிப் போட்டு மற்றப் பக்கமும் அளவுங்கோ. உட்பக்க ஆழத்தில வெளிப்பக்க ஆழத்தைக் கழிச்சால், மாத்திப் போடேக்க ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு கூடுமெண்ட அளவு அப்பிடியே வந்திடும்.

ஒரே பக்கத்தில சில்லைப் புரட்டிப் போடக்கூடாது. பூவின்ர திசை பின்னால திரும்பி, சேறு கழண்டு விழாமல் அப்பிக்கொள்ளும். பக்கம் மாத்தினால் திசை சரியா நிக்கும். போல்ட் உக்காருற துளை கூம்பு வெட்டினதோ எண்டும் பாருங்கோ. கூம்பு ஒரு முகத்தில மட்டும் இருந்தால் மாத்தேலாது. தட்டையா, ஸ்பிரிங் வொசரோட வந்ததெண்டால் பிரச்சினை இல்லை.

கழட்டேக்க முன் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையில ரெண்டு பக்கமும் மர ஆப்பு இறுக்குங்கோ. முன் அச்சு நடு ஊசியில ஊஞ்சல் மாதிரி ஆடுறதால, பின்பக்கத்தைத் தூக்கினால் வண்டி சாய்ஞ்சிடும். ஜக்குக்குக் கீழ பனங்குற்றி அல்லது தடிச்ச பலகை வையுங்கோ. சீமெந்துக் கல்லு வேண்டவே வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும்.

கேட்டவர்

அளந்தாச்சு. உட்பக்க ஆழம் வெளிப்பக்கத்தை விட 72 மி.மீ. கூட. துளை தட்டை. அப்ப பக்கத்துக்கு 72 மி.மீ. வருது, பழைய 32ஐயும் கூட்டினால் 104! ஆனால் ஹப்புக்குள்ள முறிஞ்ச துண்டு இருக்குதே, அதை எப்பிடி எடுக்கிறது?

பதில் (சுன்னாகம், லேத் வேலை)

72 கிடைக்குதெண்டால் ஸ்பேசரைத் தூக்கி மூலையில வையுங்கோ. மாத்திப் போடுறதுதான் நல்லம்.

முறிஞ்ச துண்டு ஹப் முகத்துக்கு மேல 3 மி.மீ. நிண்டால் லேசு. அதில எம்12 நட் ஒண்டை வைச்சு, துளைக்குள்ளால வெல்ட் பண்ணி, சூடு கொஞ்சம் ஆறினதும் சாவி போட்டு முன்னும் பின்னுமா அசைச்சுக் கழட்டுங்கோ. வெல்ட் பண்ண முதல் பற்றறியைக் கழட்ட வேணும். எர்த் பிடியை ஹப்பிலேயே போடுங்கோ. சட்டத்தில போட்டால் மின்சாரம் பெயாரிங்குக்குள்ளால போய் அதைக் கடிச்சுவிடும். ஒயில் சீல் கிட்ட இருக்கிறதால நீட்டி வெல்ட் பண்ணாதேங்கோ.

உள்ளுக்க அமிழ்ந்திருந்தால் நடுவில பஞ்ச் அடிச்சு 5 மி.மீ., பிறகு 8 மி.மீ. துளை போட்டு எடுக்க வேணும். துளை பக்கத்தில ஓடி ஹப் மரை பழுதானால் 12.5 மி.மீ. துளையும் எம்14 × 1.5 ராப்பும் திரும்ப வேலை செய்யாது, மரைச் சுருள் (துளைக்குள்ள புது மரையா நிக்கிற கம்பிச் சுருள்) போட வேணும். அதை லேத்துக்குக் கொண்டுவந்து செய்யிறது புத்தி.

புதுப் போல்ட் வாங்கிறதெண்டால் 10.9க்குப் போகத் தேவையில்லை, 8.8 காணும். இறுக்கத்துக்கு வண்டியின்ர கைநூலில அளவிருந்தால் அதுதான் முதல். கைநூல் இல்லையெண்டால் 130 நியூட்டன் மீற்றர், குறுக்குக் குறுக்கா, ரெண்டு சுத்தில. மரைக்குக் கிறீஸ் பூச வேண்டாம். பூசினால் அதே அளவில போல்ட் கூட இழுபடும். தட்டு முகத்தைப் பெயின்ற், கறள் இல்லாமல் கம்பித் தூரிகையால வெள்ளையாக்குங்கோ. ஒரு மணித்தியாலம் ஓடிட்டு, இறுக்கத்தை அளக்கிற ரோர்க் றெஞ்ச் போடுங்கோ, பிறகு 10 மணித்தியாலத்தில, அதுக்குப் பிறகு 50க்கு ஒருக்கால்.

பதில் (மீசாலை, ரக்ரர் பராமரிப்பு)

சங்கிலி தளர்ந்ததுக்குக் காரணம் வேற. முதல் தரம் போட்டு இறுக்கேக்க அது பூவுக்கு மேல சும்மா கிடக்கும். 100 மீற்றர் ஓடினதும் பூ இடைவெளிக்குள்ள கொஞ்சம் இறங்கி உக்காரும், அப்ப ஒரு கண்ணியாவது மிச்சமா வரும். அந்த 100 மீற்றரில நிப்பாட்டித் திரும்ப இறுக்காட்டில் மட்காட்டை உரிச்சிடும்.

போடுற முறை: சங்கிலியைத் தட்டையா விரிச்சு முறுக்கில்லாமல் பாருங்கோ, கொக்கி வாய் ரயருக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேணும். காத்தைப் பாதி இறக்கிச் சில்லுக்கு மேல போட்டு, அரைச் சுத்து ஓட்டி, உள்பக்கக் கொக்கியை முதல் மாட்டி, வெளிப்பக்கத்தை இழுத்து மாட்டிட்டுக் காத்தைத் திரும்ப அடியுங்கோ. வயலுக்கு 12இலிருந்து 16 பி.எஸ்.ஐ. வரை. காத்தே சங்கிலியை இறுக்கும். சில்லை மாத்தினதால காத்து வால்வு உள்ளுக்க வந்திருக்கும், கொக்கி அதில படாத இடத்தில விழ வேணும். மிச்சக் கண்ணிகளைத் தொங்க விடாமல் கட்டுக் கம்பியால பிணையுங்கோ.

கட்டப் பின்னல் வாங்கினது நல்லது. ஏணி மாதிரி ஆனதெண்டால் குறுக்குச் சங்கிலி உழவுப் பூவுக்கு நடுவில விழுந்து ஒரு பிரயோசனமும் இல்லாமல் போயிருக்கும்.

அதோட எல்லாச் சேத்துக்கும் சங்கிலி மருந்தில்லை. வயலுக்குள்ள இறங்க முதல் அலவாங்கைக் குத்திப் பாருங்கோ. ஒரு சாணுக்குள்ள கட்டி நிலம் தட்டினால் சங்கிலி பிடிக்கும். முழங்கை வரைக்கும் இறங்கினால் சங்கிலி குழிதான் தோண்டும், அங்க இரும்புக் கூண்டுச் சில்லு வேணும். கூண்டுச் சில்லைச் சங்கிலியோடயோ ஸ்பேசரோடயோ சேர்த்துப் போடக்கூடாது. பாரம் வெளியில போகப் போக அச்சுப் பெயாரிங்தான் அடி வாங்கும்.

கேட்டவர்

நன்றி அண்ணை. நாலு சில்லு இழுவையைப் போட்டுக்கொண்டு ஓடலாமோ? இதே அகலத்தில 1.2 மீற்றர் ரொட்டவேற்றரும் வேலை செய்யுமோ?

பதில் (மீசாலை, ரக்ரர் பராமரிப்பு)

வயலுக்குள்ள ஓடலாம், தார் ரோட்டில வேண்டாம். இந்த வண்டிகளில முன் சில்லு பின்னதை விட 1இலிருந்து 5 வீதம் வரைக்கும் முந்திச் சுத்துற மாதிரித்தான் பல்லு வைச்சிருக்கும். 90 சதமமீற்றர் விட்டமுள்ள ரயரில சங்கிலி ஆரத்தை 12 மி.மீ. கூட்டினால் பின் சில்லின்ர சுத்தளவு 2.7 வீதம் கூடும். முன் சில்லுக்கு இருந்த முந்தல் கிட்டத்தட்ட இல்லாமல் போயிடும். சேத்தில சறுக்கிச் சமாளிக்கும். கெட்டி நிலத்தில முன் பல்லுகள் முறுகும். சங்கிலியோட ஒழுங்கையைத் தாண்டி ரோட்டில ஏறாதேங்கோ, கழட்டிட்டு ஏறுங்கோ. ஓட்டம் மணிக்கு 10 கிலோமீற்றருக்குள்ள.

ரொட்டவேற்றரின்ர அகலம் காணாது. நடுவுக்கு நடு 900 மி.மீ. இருந்தால் இப்ப 1,044. ரயர் அகலம் 210ஐக் கூட்டினால் வெளி அகலம் 1,254. 1,200 ரொட்டவேற்றர் பக்கத்துக்கு 27 மி.மீ. சில்லுத் தடத்தை மூடாமல் விடும். வயலுக்குப் பரவாயில்லை. வெங்காயப் பாத்திக்கு அந்தத் தடம் கட்டியா நிக்கும், அதுக்குச் சில்லைப் பழையபடி மாத்துங்கோ.

இழுவைக் கயிறையோ பெட்டியையோ கலப்பை கொழுவுற மேல்கையில கொழுவக்கூடாது, இது உயிர் விசயம். சங்கிலி நிலத்தைப் பிடிச்சால் சில்லு சுத்தாது, வண்டி முன்பக்கம் கிளம்பிப் பின்னுக்குப் பிரளும். எப்பவும் கீழ இழுவைத் தண்டில மட்டும். 65 கிலோ மூட்டை 20 ஏத்தினால் 1,300 கிலோ. ஈரத்தில அதைப் பாதியாக்கி ரெண்டு நடை வாங்கோ.

பதில் (அரியாலை)

ஒண்டு சேர்க்கிறன். கடனீரேரிக் கரை வயலெண்டால் மண்ணில உவர் இருக்கும். வேலை முடிஞ்ச அண்டைக்கே சங்கிலியை நல்ல தண்ணியில கழுவி, வெயிலில காயவிட்டு, பழைய ஒயில் தடவித் தொங்கவிடுங்கோ. குவிச்சு வைச்சால் கண்ணி ஒட்டுற இடத்தில கறள் தின்னும். 8 மி.மீ. கண்ணி எங்கயாவது 6க்குத் தேய்ஞ்சிருந்தால் அந்தத் துண்டை மாத்துங்கோ.

கேட்டவர்

சில்லு மாத்தியாச்சு. முறிஞ்ச துண்டு நட் வெல்ட் பண்ணினதில கழண்டு வந்திட்டுது, மரை பழுதில்லை. சங்கிலி போட்டு 100 மீற்றரில நிப்பாட்டினால் ரெண்டு கண்ணி மிச்சம். இறுக்கின பிறகு தட்டுற சத்தமே இல்லை. ஒரு மணித்தியாலத்தில றெஞ்ச் போட்டதில வலப்பக்கம் ஒரு போல்ட் மட்டும் கால் சுத்துப் போச்சு, மற்றதெல்லாம் அசையேல்லை.

பதில் (சுன்னாகம், லேத் வேலை)

அந்த ஒரு போல்ட்டைக் கழட்டி, தட்டில அந்தத் துளையைச் சுத்திப் பெயின்ற் மிஞ்சியிருக்கோ எண்டு பாருங்கோ. சுரண்டிப்போட்டுத் திரும்ப இறுக்கி, 10 மணித்தியாலத்தில அதை முதல் பாருங்கோ.