பழைய டியூபா வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகன் பள்ளி இசைக்குழுவில் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிக்கிறான். பள்ளிக் கருவியை விடுமுறையில் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறான். எனக்கும் ஆசைதான். மொத்தக் குழுவையும் அடியில் நின்று தாங்குகிற அந்தக் கனத்த குரலை அவனே விரும்பித் தேர்ந்தெடுத்தான்.

ஒருவர் பழைய பி-ஃபிளாட் சுருதி டியூபா விற்கிறார். நீட்டி வைத்தால் 18 அடிக் குழாய், 10 கிலோவுக்குக் குறையாது போலிருக்கிறது. விரலால் அழுத்தும் பிஸ்டன் வால்வு மூன்றுதான். முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் சுருதி ஏறிவிடும், நான்காவது வால்வு இருந்தால் அதைத் தவிர்க்கலாம், கீழ் ஸ்வரங்களும் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார் பயிற்றுநர்.

நேரில் பார்த்தபோது இரண்டாவது வால்வு மெல்லத்தான் மேலே வந்தது. எண்ணெய் விட்டால் சரியாகலாம். ஆனால் சுருதி சேர்க்க இழுத்துத் தள்ளும் குழாயான ஸ்லைடு அசையவே இல்லை. விற்பவர் இடுக்கியை எடுத்தார். பித்தளை நசுங்கிவிடுமே என்று தடுத்துவிட்டேன்.

இறுகிய ஸ்லைடைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால் சேதமில்லாமல் கழற்றித் தருவாரா? 14 வயதுப் பையனுக்கு முக்கால் அளவு டியூபா போதுமா? வீவக அடுக்குமாடி வீட்டில், ஒலியைக் குறைக்கும் மியூட் போட்டு வாசித்தால் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு இருக்குமா? இந்த ஈரக்காற்றில் குழாயின் உள்ளே பச்சை பிடிக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்?

சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். டியூபா வைத்திருப்பவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.