மனோரமா ஆச்சியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், "1,500 படம்" தவிர என்ன சொல்வது?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்):

எங்கள் தெருப் பெண்கள் குழுவில் மாதம் ஒருத்தர் ஒரு கலைஞரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும். இந்த மாதம் என் முறை. யோசிக்காமல் மனோரமா என்று பேர் கொடுத்துவிட்டேன், இப்போது முழிக்கிறேன். எங்கே தேடினாலும் அதே நாலு வரிதான் வருகிறது: 1985ல் ஆயிரம் படம் தாண்டியதற்குக் கின்னஸ், கடைசியில் 1,500 படம், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர், 2002ல் பத்மஸ்ரீ. இதெல்லாம் குழுவில் இருக்கும் ஆயாக்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள்.

நான் ஏன் அவரைச் சொன்னேன் என்றால், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்ததே, அப்போது எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வாசலில் இருந்த பலாமரம் சாய்ந்து, ஓடு பறந்து, குடிக்கிற தண்ணீருக்கே அலைந்தோம். கரண்ட் வந்த அன்று ராத்திரி டிவியைப் போட்டால் 'நடிகன்' ஓடிக்கொண்டிருந்தது. கிழவன் வேஷத்தில் சத்யராஜ், அவரைப் பார்த்து வெட்கப்படும் மனோரமா. இரண்டு வாரமாக வாயே திறக்காத என் மாமியார் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். அதை அப்படியே சொன்னால் ஒரு நிமிடம் ஓடும். மீதி நாலு நிமிடத்துக்கு என்ன செய்வது? அவர் நடிப்பில் அப்படி என்னதான் விசேஷம்? எனக்கு மூன்று, நாலு படம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எதைப் பார்க்கட்டும்? அப்புறம், காரைக்குடியில் பிறந்ததால்தான் ஆச்சி என்கிறார்களா?

முத்தியால்பேட்டை பழைய ஆள்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிறந்தது மன்னார்குடி, 1937 மே 26. வீட்டில் வைத்த பேர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டதால் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார், வீட்டு வேலை செய்து வளர்த்தார். பள்ளிக்கூடம் பாதியில் நின்றது. செட்டிநாட்டில் ஆச்சி என்பது வீட்டுப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல், நாம் இங்கே ஆயா என்கிறோமே அந்த அர்த்தம் இல்லை. திருநெல்வேலிக்காரர்களுக்குத்தான் ஆச்சி என்றால் பாட்டி. அந்தக் குழப்பத்தில் அவரை எல்லோரும் சேர்ந்து சீக்கிரமே கிழவியாக்கிவிட்டோம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நடிப்புக்கு வருவோம். நீங்கள் படத்தைப் பார்க்க வேண்டாம் அம்மா, கேளுங்கள். என் கணக்கில் அவருடைய பெரிய சொத்து காதுதான். 'அனுபவி ராஜா அனுபவி'யில் நாகேஷோடு தூத்துக்குடிப் பேச்சு. அதற்கு அடுத்த வருடமே 1968ல் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாஷை, அதுவும் பாட்டாகவே, சொந்தக் குரலில். 1992ல் 'சின்ன கவுண்டர்' வந்தபோது கொங்குப் பேச்சு, அதிலும் அந்தத் தூக்கிய பல்லை வைத்துக்கொண்டு. பல் கட்டிக்கொண்டு வசனம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? நான் கோயில் திருவிழா நாடகத்தில் ஒரு தடவை கட்டினேன், எச்சில் ஒழுகியதுதான் மிச்சம். ஊர்ப்பேச்சு என்றால் பலர் நாலு வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். இவர் இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, முழுங்க வேண்டிய இடத்தில் முழுங்கி, அந்த ஊரில் பிறந்த பொம்பளை மாதிரியே மூச்சு விடுவார்.

உப்பனாறு:

எல்லோரும் திட்டுவீர்கள், பரவாயில்லை. எனக்கு ஆச்சியை அவ்வளவாகப் பிடிக்காது. 90களில் எந்தப் படத்தைப் போட்டாலும் அவர்தான் அம்மா, மகனைக் கட்டிப்பிடித்து ஒரு அழுகை, மாரில் அடித்துக்கொண்டு ஒரு அழுகை. 'சின்னத்தம்பி'யில் ஊரே உருகியது, நான் ஒலியைக் குறைத்து வைத்தேன். அதே காலத்தில் மலையாளத்தில் கே.பி.ஏ.சி. லலிதா அம்மா வேஷம் செய்ததைப் பாருங்கள், ஒரு செருமல், ஒரு பார்வை, அவ்வளவுதான். நம் ஆட்கள் சத்தத்தை நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கருவடிக்குப்பம் கூத்தாடி:

உப்பனாறு தம்பி சொல்வதில் பாதி நியாயம். அந்த அழுகை எல்லாம் ஒரே அச்சுதான், நானே ஓட்டிவிட்டுப் பார்ப்பவன். ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு திட்டுங்கள்.

நான் இருக்கிற புதுச்சேரி கருவடிக்குப்பத்தில்தான் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கிறது. தூத்துக்குடியில் பிறந்த மனிதர், 1922ல் புதுச்சேரியில் கண்ணை மூடினார். அவரிடம் பாடம் கேட்ட பிள்ளைகள்தான் பின்னால் நாடகக் குழு நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்கள் குழுவில் வளர்ந்தவர் எஸ்.எஸ்.ராஜேந்திரன். அந்த எஸ்.எஸ்.ஆர். நாடகக் குழுவில் நடித்துத்தான் மனோரமா பட்டணத்தில் பேர் வாங்கினார், கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' எல்லாம் அப்போதுதான். ஆக, சுற்றி வளைத்துப் பார்த்தால் நம் சுடுகாட்டுப் பக்கம் படுத்திருக்கும் சுவாமிகளுக்கு அவர் கொள்ளுப்பேத்தி முறை. அந்த மரபில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கவில்லை என்றால் நீ நடித்ததே கணக்கில் வராது. பள்ளத்தூரில் அவர் மேடைக்குள் நுழைந்ததே பாட்டுப் பாடத்தான். தொண்டையை வைத்துத்தான் சோறு.

ஐந்து முதலமைச்சர் என்று எண்ணிச் சொல்கிறார்களே, அதில் அண்ணாவும் கருணாநிதியும் மேடைக் கணக்கு, சினிமாக் கணக்கு இல்லை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமராவ் மூன்று பேரும்தான் சினிமா. இதைச் சொன்னால் ஆயாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இன்னொன்று. முதல் படம் 1958ல் வந்த 'மாலையிட்ட மங்கை', கண்ணதாசன் தயாரித்தது. அதில் அவருக்குக் கொடுத்தது காமெடி வேஷம். நாடகத்தில் கதாநாயகியாக நின்றவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசியுங்கள். 1963ல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆனார், அதோடு சரி, திரும்பவும் பக்கத்து வேஷங்கள்தான். 1964ல் கல்யாணம், இரண்டு வருடத்தில் அது முறிந்து, மகனைத் தானே வளர்த்தார். படக் கணக்கு அவ்வளவு ஏறியதற்குக் கலைத்தாகம் மட்டும் காரணமா, வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதும் காரணமா? வந்த வேஷத்தை எல்லாம் எடுத்துக்கொண்டார். அதில் சத்தம் போட்டு அழுகிற வேஷம் நூறு இருக்கத்தான் செய்யும்.

முத்தியால்பேட்டை பழைய ஆள்:

கூத்தாடி ஐயா சொன்னது சரி. உப்பனாறுக்கு நான் ஒரு படம் சொல்கிறேன், 'தில்லானா மோகனாம்பாள்'. ஒரு பக்கம் சிவாஜி, ஒரு பக்கம் பத்மினி, டி.எஸ்.பாலையா, நாகேஷ் என்று ஆளுக்கு ஆள் விழுங்கக் காத்திருக்கிற படம். அதில் ஜில் ஜில் ரமாமணியாக வருகிறார், ஊர் ஊராய் நாடகம் ஆடுகிற பெண். தான் பிழைத்த பிழைப்பையே வேஷமாகக் கட்டியிருக்கிறார் பாருங்கள். அந்தக் கொஞ்சல் பேச்சுக்கு நடுவில் சிவாஜியை நிமிர்ந்து பார்க்கும்போது ஒரு மரியாதை வரும், ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குக் கொடுப்பது. அங்கே சத்தமே கிடையாது. அதற்கப்புறம் 1986ல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்', வேலைக்காரி கண்ணம்மா. வேலைக்காரியாக இருந்த அம்மாவின் மகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

உப்பனாறு:

அந்த அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. சரி, கண்ணம்மாவை இன்னொரு தடவை பார்க்கிறேன். சின்னத்தம்பியைப் பற்றி என் அபிப்பிராயம் மாறாது. தேசிய விருது எந்தப் படத்துக்கு?

கருவடிக்குப்பம் கூத்தாடி:

'புதிய பாதை', 1989, பார்த்திபன் இயக்கியது. சிறந்த துணை நடிகை. முதல் படம் வந்து முப்பது வருடம் கழித்து. இதையும் பேச்சில் சேருங்கள், ஆனால் கடைசியில் வேண்டாம், நடுவில் போடுங்கள். விருதில் முடித்தால் இரங்கல் கூட்டம் மாதிரி ஆகிவிடும், அதை அவர் காலமான 2015 அக்டோபரில் எல்லோரும் செய்தாயிற்று.

கெடிலக்கரை:

அத்தனை பேருக்கும் நன்றி. மாமியார் சிரித்ததில் ஆரம்பித்து, பல் கட்டிய கதைக்குப் போய், கருவடிக்குப்பம் கொள்ளுப்பேத்தி முறையில் நிறுத்தப் போகிறேன். முத்தியால்பேட்டை ஐயா சொன்னபடி நேற்று ராத்திரி தில்லானாவை செல்போனில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டேன். ரமாமணி வந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து மாமியார் போனை அணைத்துவிட்டார். மறுபடியும் போடச் சொன்னது நான் இல்லை, அவர்தான். என்ன படம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், ஒரு மணிக்குத்தான் விளக்கை அணைத்தோம்.