2008 டிஸ்கவரி 3 வாங்கலாமா? கொழும்பில் என்ன பழுது வரும், எவ்வளவு செலவாகும்?

வெள்ளவத்தை_கடலோரம்:
வணக்கம் அண்ணாமார். 2008 லாண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 2.7 டீசல், ஓட்டோ கியர், ஏழு சீட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மீற்றர் 164,000 கி.மீ. காட்டுகிறது. தெஹிவளையில் ஒருவர் 90 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே கேட்கிறார். அப்பா அம்மாவோடு நாங்கள் ஆறு பேர். திருவிழாவுக்கும் லீவுக்கும் யாழ்ப்பாணம், மற்றபடி காலி வீதி நெரிசல்தான். 2020 இல் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து வாகன விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், ஆனால் அந்த வரிக்குப் புதுசு நினைக்கவே முடியாது. இந்த வாகனத்தின் பெயரைச் சொன்னதும் எல்லாரும் "ஐயோ, அதுவா" என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

கிருலப்பனை_பிராடோ:
டொயோட்டா பிராடோ வாங்குங்கள் தம்பி. பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் கேட்ட சாமான் கேட்ட கையோடு கிடைக்கும். விற்கும்போதும் காசு திரும்பி வரும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கொட்டாஞ்சேனை_டிஸ்கோ:
அந்தக் காசுக்கு எந்த வருடத்துப் பிராடோ வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சரி, அதை விடுவோம்.

என்னிடம் 2007 மொடல் இருக்கிறது, இதே எஞ்சின். தம்பி, இணையத்தில் வாசிக்கிற பயங்கரக் கதைகளில் முக்கால்வாசி இங்கிலாந்துக்காரர் எழுதியவை. அங்கே கூலி கொள்ளை, சாமான் மலிவு. நமக்கு அது அப்படியே தலைகீழ். அதனால் அவர்கள் எதற்கு அழுகிறார்களோ அதற்கு நாம் அழத் தேவையில்லை. அவர்கள் சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் மாற்றிவிடுகிற சாமானுக்கு நாம் அழ வேண்டும்.

டர்போவைப் பாருங்கள், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிற சாமான். அது எஞ்சினுக்குப் பின்பக்கம் கை நுழையாத இடத்தில் இருக்கிறது. வசதியாக வேலை செய்ய வேண்டுமென்றால் போல்ட்டுகளைக் கழற்றி, பொடியை, அதாவது வாகனத்தின் மேல் கூட்டை, முழுதாகச் சட்டத்திலிருந்து லிஃப்டில் தூக்க வேண்டும். லண்டனில் இருக்கும் என் மச்சானிடம் இதற்குக் கூலி மட்டும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கேட்டார்களாம். அவர் வாகனத்தையே விற்றுவிட்டார். எனக்கு இங்கே கராஜ் பாஸ் பொடி தூக்கிய கூலி ரூ. 75,000. டர்போவின் உள் பகுதியை மட்டும் மாற்றினோம், அது ரூ. 110,000. பொடி மேலே இருக்கும்போதே புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புகிற ஈ.ஜி.ஆர் வால்வு இரண்டையும், வெடித்திருந்த காற்றுக் குழாய்களையும் பார்த்துவிட்டார்கள். பொடி தூக்கினால் இதையெல்லாம் சேர்த்துச் செய்துவிட வேண்டும், இன்னொரு முறை தூக்க வைக்காதீர்கள்.

இனி அழ வேண்டியவை. முதலாவது எயார் சஸ்பென்ஷன் கொம்பிரசர். இந்த வாகனம் காற்றுப் பைகளில் நிற்கிறது, அவற்றுக்குக் காற்றடிப்பது இதுதான். பின் சில்லுக்கு முன்னால், வாகனத்தின் அடியில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கிறது. எங்காவது மெல்லிய லீக் இருந்தால் அதை ஈடுகட்ட ஓடி ஓடியே தேயும். உள்ளே ஈரத்தை உறிஞ்சுகிற மருந்து இருக்கிறது, கொழும்பு ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் செத்துவிடும். எனக்கு ஏ.எம்.கே கம்பனிக் கொம்பிரசர் புதுசு இறக்க வரியோடு ரூ. 170,000 போனது. கூலி வெறும் பத்தாயிரம்! லீக்கைக் கண்டுபிடிக்காமல் கொம்பிரசரை மட்டும் மாற்றினால் புதுசும் அதே வழியில்தான் போகும்.

இரண்டாவது டைமிங் பெல்ட், வால்வும் பிஸ்டனும் முட்டாமல் ஒத்து ஓட வைப்பது. இங்கிலாந்தில் கம்பனி சொன்ன கணக்கு 105,000 மைல் அல்லது 7 வருடம், எது முதலில் வருகிறதோ அது. நீங்கள் பார்த்ததற்குக் கிலோமீற்றர் கணக்கில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம், வருடக் கணக்கில் இரண்டு தடவை கடந்துவிட்டது. முன்னால் ஒரு பெல்ட், டீசல் பம்பை ஓட்டப் பின்னால் இன்னொரு பெல்ட். பின்னால் இருப்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். இன்னும் ஒன்று: ஆரம்பகால 2.7 எஞ்சின்களில் பெல்ட்டை இறுக்கி வைக்கிற டென்ஷனரைப் பூட்டுகிற ஒயில் பம்பின் வார்ப்பு வெடிக்கும். வெடித்தால் பெல்ட் தளர்ந்து வால்வும் பிஸ்டனும் முட்டும், எஞ்சின் முடிந்தது. பிறகு வந்த பம்ப் பலமானது. பெல்ட் கழற்றும் அன்றே பழைய பம்பையும் மாற்றிவிடுங்கள். பெல்ட் இரண்டு, டென்ஷனர், பம்ப் எல்லாம் சேர்த்து எனக்கு ரூ. 145,000, கூலி ரூ. 45,000. வாங்கிய கையோடு செய்ய வேண்டிய வேலை இது, விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி. பில் காட்டினால் மட்டும் விலக்கு.

முன் சில்லைத் தாங்குகிற லோவர் ஆர்மின் ரப்பர் புஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இரண்டரை தொன் எடை, நம் வீதிப் பள்ளம். ஆர்ம் ஜோடிக்கு ரூ. 120,000 வைத்துக்கொள்ளுங்கள். மலிவு ஆர்ம் ஒரு வருடம்கூட நிற்காது.

எஞ்சின் ஒயிலை 10,000 கி.மீ.க்கு முன்னரே மாற்றுங்கள். புத்தகத்தில் அதைவிடக் கூட இருக்கும், அது நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் எழுதியது இல்லை. இந்த எஞ்சின் குடும்பத்தில் கிராங் பெயரிங் போன கதைகள் உண்டு. ஒயிலில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நுகேகொடை_ரஞ்சன்:
டிஸ்கோ அண்ணா கியர் பொக்ஸை விட்டுவிட்டார். உள்ளே இருப்பது இசட்.எஃப் கம்பனியின் ஆறு கியர். "வாழ்நாள் முழுக்க ஒயில் மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சை நம்பாதீர்கள், கியர் பொக்ஸ் செய்த கம்பனியே மாற்றச் சொல்கிறது. 50, 60 வேகத்தில் மெதுவாக மிதிக்கும்போது தகரப் பாலத்தில் போவது மாதிரி ஒரு நடுக்கம் வந்தால் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் இணைக்கிற டோர்க் கொன்வேர்ட்டர் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒயில் தொட்டி பிளாஸ்டிக், ஃபில்டரும் அதோடு ஒட்டியே வரும். நான் இரும்புத் தொட்டிக்கு மாறிவிட்டேன், அடுத்த முறை ஃபில்டர் மட்டும் வாங்கினால் போதும். ஒயிலோடு ரூ. 135,000 ஆனது.

வெள்ளவத்தை_கடலோரம்:
மிக்க நன்றி அண்ணா. கூட்டிப் பார்த்தேன், தலை சுற்றுகிறது. ஆனால் இப்போதுதான் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிகிறது. நாளை திரும்பப் பார்க்கப் போகிறேன். லீக் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நேற்று நான்கு மூலையும் ஒரே உயரமாகத்தான் நின்றது.

கொட்டாஞ்சேனை_டிஸ்கோ:
அங்கேதான் ஏமாறுவார்கள் தம்பி. இந்த வாகனம் நிறுத்திப் பூட்டிய பிறகும் சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அந்த உயரத்துக்கு மற்ற மூன்றையும் இறக்கிவிடும். அதனால் லீக் இருந்தாலும் காலையில் சமமாகத்தான் நிற்கும், மொத்தமாகக் கொஞ்சம் கீழே. விற்பவரிடம் கேட்டு இரவில் சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, சில்லு நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். காலையில் திரும்ப அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். இரவு விட மாட்டேன் என்றால் விலையில் ஒரு கொம்பிரசரைக் கழித்துப் பேசுங்கள்.

முன் கால்மிதியைத் தூக்கி அடியில் கையை வையுங்கள். சன்ரூஃப் தண்ணீர் போகிற குழாய் அடைத்தால் மழைக்கு அங்கேதான் ஈரம் இறங்கும். பிறகு ஹாண்ட்பிரேக் பொத்தானை இழுத்துப் பாருங்கள், கிறீச்சிட்டால் பின் பிரேக்குக்குள் இருக்கிற ஷூ சரியாகச் சரிசெய்யப்படவில்லை. அப்படியே விட்டால் ஹாண்ட்பிரேக்கை இழுக்கிற மோட்டர் தொகுதி போகும், அதுவும் விலைதான்.

இன்னொன்று, லாண்ட் ரோவருக்கென்றே வருகிற ஐஐடி டூல் ஸ்கேனர் வைத்திருக்கிற ஆளைக் கூட்டிப்போங்கள். சாதாரண ஸ்கேனரில் இதன் சஸ்பென்ஷன் பழுதுக் கோட் எல்லாம் ஒழுங்காக வராது.

வெள்ளவத்தை_கடலோரம்:
சரி அண்ணா, ஃபியூஸ் விஷயத்தை இன்றே விற்பவரிடம் கேட்கிறேன். கடைசியாக ஒன்று: அதில் 19 அங்குல ரிம். டயர் இரண்டு தேய்ந்திருக்கிறது.

கொட்டாஞ்சேனை_டிஸ்கோ:
255/55 ஆர்19. எடை தாங்கும் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள், சாதாரணக் கார் டயர் போட வேண்டாம். 18 அங்குல ரிம் யாராவது மாற்றித் தந்தால் விடாதீர்கள், நம் பள்ளங்களுக்கு அதுதான் நல்லது. டயர் விலையும் இறங்கும்.