சாப்பிட மறுக்கும் பொமரேனியன்

கேள்வி:
எங்கள் மூன்று வயதுப் பொமரேனியன் நாய் நேற்றுக் காலையிலிருந்து எதையும் உண்ணவில்லை. வழக்கமாகத் தட்டின் ஓசை கேட்டவுடன் ஓடிவருபவள், இப்போது தயிர்சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் ஈறுகளைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால், காதின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது பசியின்மைதான் முதல் அறிகுறியாக இருந்தது. இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருப்பது தெரிந்து, மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்த பிறகே அவன் தேறினான். மனிதர்களுக்கான பாரசிட்டமாலை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 2:
ஒரு நாளைத் தாண்டிவிட்டதால் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குட்டியாக இருந்தால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, ஏனெனில் சிறிய வகை நாய்க்குட்டிகளுக்கு இரத்தச் சர்க்கரை விரைவில் இறங்கி நடுக்கமும் மயக்கமும் வரும். வாந்தி இல்லையென்றால், வெங்காயமும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பிய்த்து, குழைந்த சோற்றுடன் பிசைந்து, வெதுவெதுப்பாகக் கையால் ஊட்டிப் பாருங்கள். சூட்டில் எழும் மணம் பசியைத் தூண்டும். வாயைத் திறந்து திணிக்காதீர்கள், புரையேறிவிடும்.

கேள்வி கேட்டவர்:
ஈறு வெளிறித்தான் இருக்கிறது. இடது காதில் இரண்டு உண்ணிகளும் இருந்தன. இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம்.