அவசரம்: 'அவர்கள் எல்லாரும் தரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தாளடி
வணக்கம். மேலாளருக்கு அனுப்பிய மெயிலில் 'ஆல் ஆஃப் தெம் டிட் நாட் சப்மிட் த ரிப்போர்ட்' என்று எழுதியிருந்தேன். அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பெரிய பிரச்சினையாகிவிட்டது. எழுத்துப்பிழை எதுவும் இல்லை, இரண்டு முறை பார்த்துவிட்டேன். இதில் என்ன தவறு? உடனே திருத்தி அனுப்ப வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்பனி
வேறு மாதிரி என்றால் எந்த மாதிரி? ஒருவர்கூடத் தரவில்லையா, அல்லது சிலர் தந்து சிலர் தரவில்லையா? அது தெரியாமல் திருத்த முடியாது.

கரைமேடு
சிக்கல் காலத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'டிட் நாட்' என்றால் கெடு முடிந்தது, கதையும் முடிந்தது என்று படும். இனிமேல் தருவார்கள் என்றால் 'ஹேவ் நாட் சப்மிட்டட் யெட்' என்று எழுத வேண்டும். 'யெட்' இல்லாததால்தான் மேலாளருக்குக் கோபம் வந்திருக்கும். கெடு எப்போது?

நிலாமுற்றம்
இது தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதால் வருவது. நம் மொழியில் எதிர்மறை வினையின் கடைசியில் வந்து உட்காரும்: 'யாரும் வரவில்லை'. யாரும் என்ற சொல்லில் இல்லை என்ற பொருள் கிடையாது, 'வரவில்லை' வந்த பிறகுதான் அது தெரியும். அதே வரிசையில் மாற்றினால் 'எனிபடி டிட் நாட் கம்' என்று வரும், ஆங்கிலத்தில் அது பிழை. எதிர்மறை வாக்கியத்தில் 'எனிபடி', 'எனிஒன்', 'எனிதிங்' எல்லாம் எதிர்மறைச் சொல்லுக்குப் பின்னால்தான் வர முடியும். 'ஐ டிட் நாட் சீ எனிபடி' சரி. எழுவாய் இடத்தில் வந்தால் எதிர்மறையைப் பிரதிப்பெயருக்குள்ளேயே வைத்துவிட வேண்டும்: 'நோபடி கேம்'. ஆகவே உங்கள் வாக்கியம் 'நோபடி சப்மிட்டட் த ரிப்போர்ட்'.

வெண்பனி
விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் 'எனிபடி' என்று எழுதவே இல்லையே. யாருமே தரவில்லை என்றும் அவர் சொல்லவில்லை. தாளடி, எத்தனை பேர் தந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய ஏடு
பள்ளியில் ஒழுங்காகக் கவனித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. மூன்று பேர் மூன்று திசையில் போகிறீர்கள். அடிப்படை இதுதான். ஒருவரும் இல்லை என்றால் 'நன் ஆஃப் தெம்'. எல்லாரும் அல்ல, சிலர்தான் என்றால் 'நாட் ஆல் ஆஃப் தெம்'. 'ஆல் ஆஃப் தெம் டிட் நாட்' என்பது இரண்டு பக்கமும் சாயும், அதனால் கவனமாக எழுதுபவர்கள் தொட மாட்டார்கள். முன்பும் பல முறை சொல்லியிருக்கிறேன், தேடிப் படிக்கும் பழக்கம்தான் இங்கே யாருக்கும் இல்லை.

கோரைப்புல்
பழைய ஏடு ஐயா, நீங்கள் சொன்ன பதில் சரி. ஆனால் சொன்ன விதம் வருத்தமாக இருக்கிறது. அவசரத்தில் வந்து கேட்பவரிடம் பள்ளியை இழுக்க வேண்டுமா? இந்த வாக்கியத்தில் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுபவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். 'மின்னுவதெல்லாம் பொன்னல்ல' என்ற பழமொழியைப் பாருங்கள். ஆங்கிலத்திலும் 'ஆல் தட் க்ளிட்டர்ஸ் இஸ் நாட் கோல்ட்' என்று அப்படியே இருக்கிறது. மின்னும் எதுவுமே பொன் இல்லை என்று நாம் யாரும் புரிந்துகொள்வதில்லை. மின்னுவதில் சில பொன், சில பொன்னல்ல, அவ்வளவுதான். இரண்டு மொழியிலும் 'எல்லாம்' முன்னால், 'இல்லை' பின்னால். பொன்னும் மின்னும் என்று நமக்குத் தெரிந்திருப்பதால்தான் அங்கே குழப்பம் வருவதில்லை. மேலாளருக்கு அறிக்கை விஷயம் தெரியாது, வாக்கியம் மட்டும்தான் கையில் இருக்கிறது.

இன்னொன்று. பேச்சில் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். 'ஆல்' மீது அழுத்தம் கொடுத்து, கடைசியில் குரலை இறக்கி லேசாக ஏற்றினால் 'எல்லாரும் அல்ல' என்று காதில் விழும். மெயிலில் குரல் இல்லை.

வெண்பனி
சரியாகச் சொன்னீர்கள். கவனித்தீர்களா, அவர் வைத்த தலைப்பிலும் அதே சிக்கல்! 'அவர்கள் எல்லாரும் தரவில்லை' என்பதைத் தமிழிலேயே இரண்டு விதமாகப் படிக்கலாம். அதனால்தான் முதலிலேயே கேட்டேன். நிலாமுற்றம் அதை 'யாருமே' என்று படித்துவிட்டார், நான் 'சிலர்' என்று படித்தேன்.

நிலாமுற்றம்
உண்மைதான், நான் கவனிக்கவில்லை. அப்படியானால் 'போத்' என்ற சொல்லிலும் இதே பள்ளம் இருக்கிறது. 'போத் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்றால் இருவருமே வரவில்லையா, ஒருவர் மட்டும் வந்தாரா? இருவருமே இல்லை என்றால் 'நைதர் ஆஃப் தெம் கேம்'. ஒருவர் வந்தார் என்றால் 'ஒன்லி ஒன் ஆஃப் தெம் கேம்' என்று நேராகச் சொல்லிவிடலாம்.

புதுத்துளிர்
குறுக்கே ஒரு சந்தேகம். நான் 'நோபடி டிட் நாட் சப்மிட்' என்று எழுதுவேன், அழுத்தமாக இருக்கும் என்று. அது சரியா?

பழைய ஏடு
தவறு. இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு. நீங்கள் எழுதியதற்கு எல்லாரும் தந்துவிட்டார்கள் என்று பொருள். தமிழிலும் 'வராமல் இல்லை' என்றால் வந்தார் என்றுதானே பொருள்? மொழி என்றால் தர்க்கம் வேண்டும்.

கோரைப்புல்
அலுவலக ஆங்கிலத்துக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தர்க்கம் என்று சொல்லாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று எதிர்மறைச் சொற்களை அடுக்கினார், எல்லாம் சேர்ந்து ஒரே 'இல்லை'தான். இன்றும் பல வட்டார ஆங்கிலங்களில் 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் பொருள். ஸ்பானிய மொழியில் அதுவே இலக்கணம். இரண்டு எதிர்மறை கூடாது என்பது எழுத்து வழக்குக்கென்று பிற்காலத்தில் வந்த விதி. அதைப் பின்பற்றலாம், தவறில்லை. அப்படிப் பேசுபவர்களைத் தர்க்கம் இல்லாதவர்கள் என்று சொல்வது நியாயமில்லை.

பழைய ஏடு
சாசரையா மேலாளருக்கு அனுப்பப் போகிறார்?

கரைமேடு
இழை எங்கேயோ போகிறது. புதுத்துளிருக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். வாக்கியத்தின் கடைசியில் குட்டிக் கேள்வி சேர்த்துப் பாருங்கள். 'தே கேம்' என்றால் 'டிடின்ட் தே?' என்று கேட்போம். 'நோபடி கேம்' என்றால் 'டிட் தே?' என்று கேட்போம். வினையில் 'நாட்' இல்லாவிட்டாலும் கேள்வி மாறுகிறது பாருங்கள். 'நோபடி' உள்ளேயே எதிர்மறையைச் சுமக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் எதற்கு இன்னொரு 'நாட்'?

புதுத்துளிர்
இது புரிந்தது, நன்றி. ஆனால் 'நோபடி' ஒருமை, 'தே' பன்மை. இடிக்கிறதே?

கரைமேடு
ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவருக்கு 'தே' போடுவது ஆங்கிலத்தில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். குட்டிக் கேள்வியில் அதுதான் இயல்பு.

பழைய ஏடு
ஒருமை பன்மை பேச்சு வந்ததால் சொல்கிறேன். 'நன் ஆஃப் தெம் ஹேஸ்' என்பதே சரி. 'நன்' என்றால் 'நாட் ஒன்', அது ஒருமை.

கோரைப்புல்
அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் 'இல்லை'யும் 'ஒன்று'ம் ஒட்டிப் பிறந்தது என்பது சரி. ஆனால் வேரை வைத்து இன்றைய வழக்கை முடிவு செய்ய முடியாது. பின்னால் 'தெம்' வரும்போது 'ஹேவ்', 'ஹேஸ்' இரண்டையுமே நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். தாளடி எதைப் போட்டாலும் பிழையில்லை.

வெண்பனி
அதைச் சொல்லக் கேள்வி கேட்டவரையே காணோமே.

தாளடி
மன்னிக்கவும், மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். மொத்தம் 6 பேர். 4 பேர் தந்துவிட்டார்கள், 2 பேர் தரவில்லை. நான் 'எல்லாரும் தரவில்லை, சிலர்தான்' என்ற பொருளில்தான் எழுதினேன். மேலாளர் ஒருவருமே தரவில்லை என்று நினைத்து ஆறு பேருக்கும் கடுமையாக எழுதிவிட்டார். நேரத்துக்குத் தந்த நால்வருக்கும் என்மேல் வருத்தம்.

வெண்பனி
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, இப்போது 'நாட் ஆல்' என்றுகூட எழுத வேண்டாம், அதிலும் எத்தனை பேர் என்று தெரியாது. 'ஃபோர் ஆஃப் தெம் ஹேவ் சப்மிட்டட், டூ ஹேவ் நாட்' என்று எழுதுங்கள். எண்ணிக்கை கையில் இருக்கும்போது 'ஆல்' எதற்கு? தந்தவர்களை முதலில் சொல்லுங்கள். ஆறு பேருக்கும் நகல் போகட்டும்.

கரைமேடு
கெடு முடியவில்லை என்றால் கடைசியில் 'யெட்' சேருங்கள்.

நிலாமுற்றம்
முதல் மெயிலில் இருந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போட்டு, நான் சொல்ல வந்தது இது என்று ஒரு வரி சேர்த்தால் அந்த நால்வருக்கும் மனம் ஆறும்.

பழைய ஏடு
வெண்பனி சொன்ன வாக்கியம் சரி. அதையே அனுப்புங்கள்.

தாளடி
அனுப்பிவிட்டேன், 'யெட்' சேர்த்து. மேலாளர் நால்வரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டார். எல்லாருக்கும் நன்றி.

புதுத்துளிர்
'எல்லாருக்கும் நன்றி சொல்லவில்லை' என்றால் இரண்டு பொருள் வருமா, ஒன்றுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.