விக்ஸ விட்டு வேர்ட்பிரஸுக்கு மாறினா கூகுள்ல மேல வருமா?

தறிமேடை (மருதமுனை):
அண்ணன்மார், நானாமார், எங்கட கைத்தறிச் சாரிக் கடைத் தளம் விக்ஸ் எண்ட தளம் கட்டுற சேவையில இருக்கு. கடைப் பேரைத் தேடினா வருது. "மருதமுனை கைத்தறி சாரி" எண்டு தேடினா நாலாம் பக்கத்திலயும் இல்ல. வேர்ட்பிரஸ் எண்ட இன்னொரு தளம் கட்டுற மென்பொருளுக்கு மாறச் சொல்றாங்க. மாறவா?

கல்லடிப்பாலம்:
எதில கட்டினது எண்டு பார்த்து கூகுள் புள்ளி போடுறதில்ல. பக்கத்தில வாசிக்க எழுத்து இருக்கா, போன்ல கெதியாத் திறக்குதா எண்டதுதான் கணக்கு. விக்ஸ் தளம் கூகுள்ல வராது எண்ட கெட்ட பேர் பழைய காலத்தது.

முதல்ல ஒண்டு செய்யுங்க. தளத்தில ஒரு தமிழ் வரியைக் கொப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. வரியைத் தெரிவுசெய்யவே ஏலாட்டி அது படம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வந்தா அது பாமினி எண்ட பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்தைத் தமிழ் வடிவத்தில காட்டும். உங்கட கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு வெறும் உளறல்.

தறிமேடை:
அரைப்புள்ளிதான் நானா! விலை, நூல் விவரமெல்லாம் படத்துக்குள்ள.

கல்லடிப்பாலம்:
அப்ப மாறி வேலையில்ல, அதே பிழை புது வீட்டுக்கும் வரும். எல்லாக் கருவிக்கும் விளங்கிற பொதுக் குறியீடான யுனிகோடுக்கு மாத்துங்க. எழுத்து மாத்துற கருவி இடையில உள்ள ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தாக்கிக் குழப்பும், ஒருக்கா வாசிச்சுத் திருத்துங்க. ஒவ்வொரு சாரிக்கும் தனிப் பக்கம். நிறம், நூல், நீளம், விலை எழுத்தாவே இருக்கட்டும்.

அக்கரைப்பற்று_கோட்:
அதோட வேகம். கூகுளின்ட வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல போன் பக்கத்தைப் பாருங்க: பெரிய படம் 2.5 செக்கனுக்குள்ள தெரியணும். கமராப் படத்தை அப்படியே ஏத்தாம 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) எண்ட சின்ன அளவுப் பட வடிவத்தில போடுங்க. வேர்ட்பிரஸ் எண்டாலும் பக்கம் வடிவமைக்கிற எலிமென்டருக்கு மேல இருபது பிளகின் (கூடுதல் செயலி) ஏத்தினா விக்ஸைவிட மெதுவாகும்.

பிறகு எப்பவாவது மாறினா ரெண்டு விஷயம். பழைய முகவரி ஒவ்வொண்டையும் அதே சாரியின்ட புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரமா இடம் மாறிட்டு எண்ட குறி) போட்டுத் திருப்புங்க, எல்லாத்தையும் முகப்புக்குத் தள்ளாதீங்க. அடுத்தது, வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 எழுத்துத்தான் இடம். தமிழ்ல எழுத்து, அதோட வாற புள்ளி, கொம்பு, அரவு ஒவ்வொண்டும் 9 இடம் பிடிக்கும். "மருதமுனை கைத்தறி சாரி நீலம்" எண்டு தலைப்பு வச்சா முகவரி "நீ"யோட வெட்டுப்பட்டு நிற்கும். நீலமும் நீளமும் ஒரே முகவரியாகி, பின்னால 2 எண்டு இலக்கம் ஒட்டும். முகவரியை நீங்களே சுருக்கி எழுதுங்க.

கல்லடிப்பாலம்:
இன்னொண்டு: வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், ரீடிங்ல தேடுபொறியைத் தடுக்கிற டிக் ஒண்டு இருக்கு. தளம் கட்டேக்க போட்டுட்டு எடுக்க மறக்கிறவங்கதான் கனபேர்.