ஆடிப்பெருக்குக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசிக்க ஆள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஆடிப்பெருக்கு அன்று மாலை ஒரு கச்சேரி வைக்கிறோம். ஆறு, மழை, காடு பற்றிய பாட்டுகள் மட்டும்தான். டிக்கெட் கிடையாது, உண்டியல் வைப்போம். சேருகிற பணம் பக்கத்து வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை அள்ள, பொக்லைன் வாடகைக்குப் போகும். போன வாரம் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். முழங்கை நீளத்துக்குக் கறுத்த வேர், அதில் சிக்கிய பிளாஸ்டிக் பைகள். மேட்டூர் திறந்தாலும் இதைத் தாண்டித் தண்ணீர் எப்படி வயலுக்குப் போகும்?

சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் வரும் காவிரிப் பாட்டைத் தெருப் பிள்ளைகள் அழகாகப் பாடுகிறார்கள். அப்புறம், காவிரியின் அழகைப் பார்த்துத் தியாகராஜர் அசாவேரி ராகத்தில் பாடிய கீர்த்தனை. அதில் தெலுங்கு உச்சரிப்புதான் தடுமாறுகிறது. தெலுங்கு நன்றாகத் தெரிந்தவர் இரண்டு நாள் சாயங்காலம் வந்து சொல்லித்தர முடியுமா?

மிருதங்கம் வாசிக்க ஒத்துக்கொண்டவருக்குக் கையில் அடி. அதனால் அவசரமாக ஒருவர் வேண்டும். போக வர செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. குறைந்த வாடகைக்கு மைக் செட் தருபவர் இருந்தாலும் சொல்லுங்கள். எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் உடனே கூப்பிடுகிறேன்.